மத நம்பிக்கையில் மாறுபடுவோருடன் முறையாக வாதிடுவது எப்படி?

களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரையுள்ள ஊர்களில், ஒரே குடும்பத்தின் ஒரு கிளை சி.எஸ்.ஐ. என்னும் கிறிஸ்தவ சபைக்கும் மற்றொரு கிளை அய்யாவழியினரின் சாமித்தோப்புப் பதிக்கும் போவது புதிதல்ல. அடியந்திரம் என்னும் வீட்டு விசேஷப் பந்தலில் கடவுளைப் பற்றிய தர்க்கம் மூளும்போது, அதை ஒழுங்காக நடத்தத் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் வழக்கு எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடவுள் உண்டா என்பது ஒன்று. மாமாவின் மஞ்சள்காமாலை ஜெபத்தால் தீர்ந்ததா என்பது வேறு. அவர் அப்படி நம்புவது நியாயமா என்பது மூன்றாவது. பொய்யான நம்பிக்கையும், அதை உடையவர் கையிலுள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், நியாயமானதாக இருக்கக்கூடும்.

மெய்யியலாளர் டேவிட் கிறிஸ்டென்சன் 2007இல் ஓர் எடுத்துக்காட்டு தந்தார். உணவகத்தில் பில்லைப் பங்கிடும்போது ஒருவருக்குத் தலைக்கு 43 டாலர் என்றும் மற்றவருக்கு 45 டாலர் என்றும் வருகிறது. இருவரும் கணக்கில் சமமானவர்கள் என்றால், இருவருமே தத்தம் விடையின் மீதுள்ள உறுதியைத் தளர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. 45 என்று சொன்னதையே காரணமாக்கி, அவருக்குக் கணக்கு வராது என்று தள்ளிவிட முடியாது. பந்தலில் நடப்பதோ பெரும்பாலும் அதுதான்: நம்புவதாலேயே மாமாவுக்குச் சிந்திக்கத் தெரியாது என்கிறான் மருமகன், நம்பாததாலேயே மருமகனுக்கு அகந்தை என்கிறார் மாமா. வழக்கையே சாட்சியாக நிறுத்துவதில் இருவரும் சளைத்தவர்கள் அல்லர். எதிராளியை ஒதுக்க வேண்டுமானால், வழக்குக்கு வெளியே வேறு காரணம் காட்டுங்கள்.

ஆனால் பில் இருவர் கண்முன்னும் இருக்கிறது. மாமாவின் அனுபவம் அப்படி இல்லை. எல்லாச் சான்றுகளையும் முழுமையாகப் பகிர்ந்துகொண்ட பிறகு இரு தரப்பும் நியாயமாக மாறுபட முடியாது என்று இன்னொரு மெய்யியலாளரான ரிச்சர்ட் ஃபெல்ட்மன் வாதிட்டார். என் கணிப்பில், மத விஷயத்தில் அந்த முழுமையான பகிர்வு அரிதாகவே கைகூடுகிறது. ஆகவே, "மாமா, வைத்தியமும் நடந்ததே, ஜெபம்தான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு, பதிலை இடைமறிக்காமல் கேளுங்கள்.

தக்கலையில் ஒரு முஸ்லிம் வீட்டில் பிறந்திருந்தால் நீயும் தொழுதிருப்பாய் என்பது உண்மையாக இருக்கலாம். அது உறுதியைக் குறைக்கலாமே தவிர, நம்பிக்கையைப் பொய்யாக்காது. பகுத்தறிவாளர் வீட்டில் வளர்ந்த நாத்திகருக்கும் அதே வாதம் பொருந்தும்.

எப்போது நிறுத்துவது? இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் உண்மையை நாடும் பேச்சை வாதம் என்றும், வெற்றியை மட்டுமே நாடுவதை ஜல்பம் என்றும், தன் கட்சியை நிறுவாமல் பிறர் கட்சியை உடைப்பதை விதண்டை என்றும் பிரித்தனர். பேச்சு பின்னிரண்டில் ஒன்றாக மாறியதும் பந்திக்கு எழுந்துவிடலாம்.