மறதிநோய் உள்ள அப்பாவைக் குளிப்பாட்டுவது எப்படி: நான் கற்றுக்கொண்ட முறை

அப்பாவுக்கு அல்சைமர் என்று உறுதியான நான்காவது ஆண்டில் குளியல் பெரும் போராட்டமாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் தூக்கத்துக்கும் ஏதோ ஒரு வழி பிடிபட்டிருந்தது. குளியலறை வாசலுக்கு வந்தால் மட்டும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டார். இழுத்தால் கை ஓங்குவார். எட்டு மாதம் அப்படியே போயிற்று. இப்போது வாரத்தில் இரண்டு நாள் குளிக்கிறார், பெரும்பாலும் அமைதியாக. இதே வாசலில் நிற்கும் மற்றவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

நேற்று வரை ஒழுங்காகக் குளித்தவர் இரண்டு மூன்று நாளில் திடீரென்று மறுத்தாலோ, குழப்பம் சட்டென்று கூடினாலோ, இந்தக் குறிப்புகளை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அல்சைமர் மெதுவாக நகரும் நோய். திடீர் மாற்றத்துக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று வேறு காரணம் இருக்கலாம்.

1. நேரமும் நாளும்

அவர் எந்த நேரத்தில் தெளிவாக இருக்கிறார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பலருக்கும் பொழுது சாயும்போது பதற்றம் கூடும். அந்த நேரம் வேண்டாம். மூட்டுவலிக்கு மாத்திரை எடுப்பவரானால் அது வேலை செய்யத் தொடங்கிய பிறகு குளியலை வையுங்கள். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை நான் விட்டபோதுதான் பாதிச் சுமை இறங்கியது. மற்ற நாள்களில் முகம், கை, அக்குள், இடுப்புக்குக் கீழே துடைத்துவிட்டால் போதும்.

2. அறையை அவர் கண்ணால் பாருங்கள்

நோய் முற்றும்போது கண் நன்றாக இருந்தாலும், பார்ப்பதை மூளை புரிந்துகொள்ளும் விதம் மாறிவிடும். தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியலாம். பளபளக்கும் தரை நீர்த்தேக்கமாகத் தெரியலாம். கண்ணாடியில் நிற்பது தானே என்று தெரியாமல், யாரோ அந்நியர் உள்ளே நிற்பதாக நினைக்கலாம். அப்பா வாசலில் நின்றதற்கு எங்கள் வீட்டில் முக்கியக் காரணம் அடர் நீல மிதியடி. அதை எடுத்துவிட்டுத் தரையோடு ஒத்த நிறத்தில் வழுக்காத ஒன்றைப் போட்டேன். கண்ணாடியைத் துணியால் மூடினேன். அன்றே உள்ளே காலெடுத்து வைத்தார்.

அறை கதகதப்பாக இருக்கட்டும். எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சோப்பு எடுக்கக்கூட அவரைத் தனியாக விட்டு நகரக் கூடாது.

பொருள்களைப் பற்றி என் கருத்து: முதல் செலவு நாற்காலிக்கு. கைப்பிடியும் முதுகுச் சாய்மானமும், கால்களில் ரப்பரும் உள்ளதாக வாங்குங்கள். சாய்மானமில்லாத முக்காலியில் உட்கார்ந்தவருக்கு எந்நேரமும் விழுந்துவிடும் பயம். அடுத்தது நீண்ட குழாயுள்ள கைஷவர், பிடியிலேயே நிறுத்தும் பொத்தானோடு. உறிஞ்சுகிண்ணத்தால் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கைப்பிடிகளை நான் நம்புவதில்லை. திருகாணியால் சுவரில் இறுக்கியதே எடையைத் தாங்கும்.

தண்ணீர் 37 அல்லது 38 டிகிரி செல்சியஸ். சூட்டை உணர்வதிலும் சொல்வதிலும் அவருக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பதால் வெப்பமானி வைத்து அளக்கிறேன். ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் போகாதபடி வையுங்கள். 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

3. அழைப்பது

முன்பக்கமாக வந்து, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து பேசுங்கள். "குளிக்கிறீர்களா?" என்று கேட்டால் "இப்போதுதான் குளித்தேன்" என்பார். பொய்யில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அதை மறுத்து வாதாடினால் அன்றைய குளியல் அத்தோடு முடிந்தது. நான் இப்படிச் சொல்கிறேன்: "அப்பா, வெந்நீர் தயாராக இருக்கிறது. வாருங்கள், காலை நனைத்துக்கொள்ளலாம்." ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம். சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுவேன். பதில் வரத் தாமதமாகும். நடுவில் இன்னொன்றைச் சொன்னால் முதலில் சொன்னதும் நழுவிப்போகும்.

4. துண்டு

நான் எட்டு மாதம் தடுக்கி விழுந்த இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

நாற்காலியில் உட்காரவைத்ததும் துணியையெல்லாம் களைந்துவிடுவேன். சுத்தம் செய்ய அதுதானே சுலபம்! அந்த நொடியில்தான் அடி விழும். ஒருநாள் கையில் கிடைத்த ஈரத்துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு, எவ்வளவு சொல்லியும் விடாமல், என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மகளின் பெயர் மறந்திருந்தாலும் தன் மானம் அவருக்கு மறக்கவில்லை. யாரென்று தெரியாத ஒரு பெண் தன்னை நிர்வாணமாக்குகிறாள், வேறென்ன செய்வார்? அன்று குளியலறையிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது செய்வது: சட்டையைக் கழற்றும் முன்பே பெரிய பருத்தித் துண்டைத் தோள்மேல் போர்த்திவிடுகிறேன். இன்னொரு துண்டு மடியில். துணியைப் போர்வைக்கு உள்ளேயே உருவுகிறேன். குளியல் முடியும்வரை துண்டு அவர் மேலேயே இருக்கும். அது நனையட்டும்; வெந்நீர் பட்ட துண்டு கதகதப்பாகவும் இருக்கிறது. கழுவ வேண்டிய பகுதியை மட்டும் சற்றுத் தூக்கி, கழுவி, மறுபடி மூடிவிடுகிறேன். அடிப்பது முதல் வாரத்திலேயே குறைந்துவிட்டது.

5. கழுவும் வரிசை

பாதத்தில் தொடங்குங்கள். பாதம், முழங்கால், கை, முதுகு, மார்பு, கடைசியாக இடுப்புக்குக் கீழே. ஷவரைப் பாய விடாமல் துணியின் மேல் மெதுவாக வழியவிடுங்கள். ஒவ்வோர் அசைவுக்கும் முன் "இப்போது முதுகு" என்று சொல்லுங்கள். நுரை பூசிய துணியை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அவர் கைக்கு அடியில் வைத்து நகர்த்தினால், பழகிய அசைவைக் கை தானே தொடர்வதைப் பார்க்கலாம். மற்றொரு கை சும்மா இருந்தால் எதையாவது இறுகப் பிடிக்கும். அதில் ஒரு சிறு துண்டைக் கொடுத்துவிடுங்கள்.

தலையைக் கடைசியில், முடிந்தால் வேறொரு நாளில் கழுவுங்கள். முகத்தில் நீர் வழிவதைப் போல அவரை மிரளவைப்பது வேறில்லை.

6. துவட்டுதல்

தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோல் மடிப்புகளிலும் கால்விரல் இடுக்கிலும் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். செந்தடிப்பு, காயம், வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

வேண்டாம் என்றால்

நிறுத்திவிடுங்கள். இருபது நிமிடம் கழித்து வேறு சொற்களில் கேளுங்கள். அப்போதும் மறுத்தால் நாளை பார்க்கலாம். என்ன நடந்தது என்பது அவருக்கு மறந்துவிடும். பயந்த உணர்வு மட்டும் தங்கி, அடுத்த முறை வாசலிலேயே அவரை நிறுத்தும்.

பின்னர்ச் சேர்த்தவை

படுக்கையை விட்டு எழ முடியாதவரை என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தீர்கள். துண்டுக் குளியல் இருக்கிறது. அலசத் தேவையில்லாத சோப்புத் திரவம் கலந்த வெந்நீரில் பெரிய துண்டை நனைத்துப் பிழிந்து, போர்வையை விலக்கிக்கொண்டே உடல்மேல் போர்த்தி, துண்டின் மேலாகவே நீவிவிட வேண்டும். அமெரிக்க முதியோர் இல்லங்களில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த முறையால் குளியல் நேர வன்முறை 60 விழுக்காடு குறைந்தது. ஷவரிலேயே அவரவர் விருப்பத்துக்கேற்பக் குளிப்பாட்டியபோது 53 விழுக்காடு குறைந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம் முழுவதும் துண்டுக் குளியலைத்தான் செய்தேன்.

ஒரு மகள் எழுதியிருந்தார்: அப்பாவின் அந்தரங்கப் பகுதியைக் கழுவ இருவருக்கும் கூச்சமாக இருக்கிறதாம். எனக்கும் இருந்தது. துண்டுக்கு அடியில் நுரைத்த துணியை அவர் கையிலேயே கொடுத்து, "இங்கே நீங்களே கழுவிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். காதும் கையும் அவர் பக்கமே இருக்கட்டும். அரைகுறையாகச் செய்தாலும் பரவாயில்லை. மீதியைத் துவட்டும்போது ஈரத்துணியால் ஒற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.