பீ.டீ-1 சாயமிடல்: குப்பியை உறைய விடாதீர்கள்

மூன்று பேரின் குருதி, மூன்று இரவு பஸ் பயணம், மூன்று முறையும் பீ.டீ-1 வெறுமை. போன வருடம் எனக்கு நடந்தது. என்னைப்போலத் திருகோணமலையில் குருதிக் கலங்களுக்குச் சாயமிட்டுக் கொழும்பில் புளோ சைற்றோமீற்றரில் (ஒவ்வொரு கலத்தின் ஒளிர்வையும் அளக்கும் கருவி) வாசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிப்பெற் பிடிக்கவும் மையநீக்கியைச் சமப்படுத்தவும் தெரியும்தானே, அதைச் சொல்லவில்லை.

பீ.டீ-1, நோயெதிர்ப்புக்கான ரீ கலத்தின் மேலே இருக்கும் வாங்கி. கலம் தூண்டப்பட்டதும் வெளியே வரும். அதற்குரிய மூலக்கூறு வந்து பிணைந்தால் கலத்தின் தாக்குதல் தணியும். 1992இல் கியோட்டோவில் தசுக்கு ஹொன்ஜோவின் ஆய்வுகூடத்தில் கண்டறியப்பட்டது. இப்படித் தாக்குதலைத் தணிக்கும் வாங்கிகளை மறித்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வழி திறந்ததற்காக 2018இல் அவருக்கும் ஜேம்ஸ் அலிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

குப்பியில் இருப்பது, வாங்கியில் போய் ஒட்டும், ஒளிரும் சாயம் இணைத்த பிறபொருளெதிரி (அன்ரிபொடி). முதலில் குப்பியில் குளோன் பெயரை, அதாவது அது எந்தப் பிறபொருளெதிரி என்று காட்டும் பெயரைப் பாருங்கள். மனிதக் குருதிக்கு நான் எடுப்பது ஈ.எச்12.2எச்7. எலிக்கான ஆர்.எம்.பீ1-14 மனிதக் கலத்தில் ஒட்டாது, "பீ.டீ-1" என்ற தலைப்பை மட்டும் பார்த்து ஓடர் போட்டால் காசு வீண். நிறம் பீ.ஈ. (பைக்கோஎரித்திரின் என்ற ஒளிரும் சாயம்) ஆக இருக்கட்டும். பீ.டீ-1 கலத்தில் குறைவாகத்தான் இருக்கும், அதற்குப் பிரகாசமான சாயம் வேண்டும். இரண்டு சாயங்களை இணைத்துச் செய்த கூட்டுச் சாயங்களை நான் வாங்குவதே இல்லை. நிலைப்படுத்தி, பஸ்ஸில் ஏற்றி, மறுநாள் வாசிக்கும் வேலைக்கு அவை தாங்காது.

இனி, நான் விழுந்த இடம். குப்பி வந்த வாரம் இங்கே கரண்ட் அடிக்கடி போனது. ரீ கலங்களை இனங்காட்டும் சீ.டீ3, சீ.டீ8 குப்பிகளைப் பிரிட்ஜ் தட்டில் வைத்துவிட்டு, விலை கூடிய பீ.டீ-1ஐ மட்டும் பத்திரமாக இருக்கட்டும் என்று உறைபெட்டிக்குள் வைத்தேன். அதுதான் அதைக் கொன்றது. பீ.ஈ. என்பது சிவப்புப் பாசியிலிருந்து எடுக்கும் பெரிய புரதம். ஒட்டியிருக்கும் பிறபொருளெதிரியை விடவும் பெரியது. உறைந்து உருகும்போது அதன் கட்டமைப்புக் குலைந்து ஒளிர்வு போய்விடும். பிறபொருளெதிரி கலத்தில் ஒட்டியிருந்தாலும் கருவிக்குத் தெரியாது. தட்டில் கிடந்த மற்ற இரண்டும் பளிச்சென்று தெரிந்தபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். வளர்ந்த, சுகமான ஒருவரின் குருதியிலும் பீ.டீ-1 உள்ள ரீ கலங்கள் கொஞ்சமாவது இருக்கும். மூவரிலும் அடியோடு இல்லையென்றால் ஆட்களில் அல்ல, குப்பியில் தேடுங்கள்.

ஆகவே 2 முதல் 8 பாகை, இருட்டு. கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுங்கள். சில மணிநேரச் சூட்டை விட ஒரு இரவு உறைவது மோசம்.

அளவு: குப்பியோடு வரும் தாளில் 5 மைக்ரோலீற்றர் என்று போட்டிருக்கும். நான் 5, 2.5, 1.25, 0.6 என்று பாதி பாதியாகக் குறைத்துப் பார்ப்பேன். எந்த அளவில் ஒளிரும் கூட்டம் பின்னணியிலிருந்து நன்றாக விலகி நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு. குப்பியும் மிச்சமாகும்.

சாயமிடல் சுருக்கம். சம்மதம் பெற்று, ஊதா மூடி ரியூப்பில் அன்றே எடுத்த குருதி 100 மைக்ரோலீற்றர். சீ.டீ3, சீ.டீ8, பீ.டீ-1 மூன்றையும் சேர்த்து இருட்டில் 20 நிமிடம். "அறை வெப்பநிலை" என்று தாள் சொல்வது 20-25 பாகையை. திருகோணமலை மேசை அப்படியில்லை, ஏசி அறையில் வையுங்கள். அமோனியம் குளோரைட்டுக் கரைசல் 2 மில்லிலீற்றர் விட்டு 10 நிமிடம். கலங்கல் தெளிந்து, ரியூப்பின் பின்னால் பிடித்த எழுத்து சிவப்பினூடே வாசிக்கத் தெரிந்தால் செங்குழியங்கள் உடைந்துவிட்டன. 350 ஜீயில் 5 நிமிடம் சுழற்றி, கழுவி, 1 வீதப் பராபோமல்டிகைட்டில் நிலைப்படுத்துங்கள்.

பீ.டீ-1ஐ மட்டும் விட்டு மற்றதெல்லாம் போட்ட ஒரு ரியூப் கட்டாயம் வேண்டும். இந்த வாங்கி இரண்டு தனி மேடாகத் தெரியாது, சரிவாக இழுபடும். பீ.டீ-1 உள்ளதையும் இல்லாததையும் பிரிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று அந்த ரியூப்தான் சொல்லும்.

பயணத்துக்கு ரியூப்புகளை அலுமினியத் தாளில் சுற்றி, ரெஜிபோம் பெட்டிக்குள் குளிர்ப் பொதியோடு வையுங்கள். ஆனால் பொதி ரியூப்பைத் தொடக்கூடாது. நடுவே மடித்த துவாய். உறைந்த பொதியோடு ஒட்டிக்கிடந்த ரியூப்பும் உறையும், மேலே சொன்ன கதை திரும்பவும் நடக்கும்.

பிற்சேர்க்கை: இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒன்று, இதே குப்பியைக் கல வளர்ப்பில் போட்டு வாங்கியை மறிக்கலாமா? வேண்டாம். சாயமிடும் குப்பிகளில் பெரும்பாலும் சோடியம் அசைட்டு இருக்கும், அது கலத்தின் சுவாசத்தையே நிறுத்தும். அசைட்டும் அகநச்சும் (பக்ரீறியாவிலிருந்து வரும் நச்சு) நீக்கிய, சாயமில்லாத வகையைத் தனியாக வாங்குங்கள். மற்றது, பீ.டீ-1ஐ மறிக்கும் புற்றுநோய் மருந்துகளான நிவோலுமாப் அல்லது பெம்புரோலிசுமாப் எடுக்கும் நோயாளியின் குருதி. மருந்து ஏற்கெனவே வாங்கியில் உட்கார்ந்திருக்கும்; ஈ.எச்12.2எச்7க்கு இடம் கிடைக்காது, வாங்கி இல்லாததுபோலத் தெரியும். அந்த மருந்துகள் இரண்டும் ஐ.ஜீ.ஜீ4 வகைப் பிறபொருளெதிரிகள். மனித ஐ.ஜீ.ஜீ4ஐப் பிடிக்கும் சாயமிட்ட பிறபொருளெதிரி ஒன்றைப் போட்டு, கலத்தில் ஒட்டியிருக்கும் மருந்தையே தேடலாம். அதற்கு முன் கலங்களை நன்றாகக் கழுவுங்கள். குருதிப்பாயத்தில் மிதக்கும் ஐ.ஜீ.ஜீ4 முழுவதும் போனால்தான் அது வேலை செய்யும்.