தேத்தண்ணி டேஸ்டிங்: நுவரெலியா, ஊவா, ருகுணு மூண்டையும் வீட்டுல ருசி பாக்கிற விதம்

வைன் டேஸ்டிங் பழக ஆசைப்படுற ஆக்களுக்கு நான் சொல்றது, முதல்ல தேயிலையில பழகுங்க. ஊருக்கு ஊர் உயரமும் காத்தும் மாற ருசியும் மாறுறது இதுலயும் அப்பிடியேதான், செலவு மட்டும் எவ்வளவோ குறைவு.

முதல் வேலை தேயிலை வாங்குறது. ஒரே இடத்துத் தேயிலை எண்டு பக்கெட்டுல எழுதியிருக்கோணும், கலப்பு சரிவராது. இலங்கைல தேயிலை விளையிற நுவரெலியா, ஊவா, ருகுணு மூண்டு இடத்துத் தேயிலையும் போதும், ஆனா மூண்டும் ஒரே கிரேட்டா, அதாவது தூள் ஒரே பருமனா இருக்கட்டும், பக்கெட்டுல பிஓபி (BOP) எண்ட கிரேட் போட்டிருந்தா மூண்டும் பிஓபி. தூள் சின்னனா இருந்தா சாயம் கெதியா இறங்கும், அதால கிரேட் மாறினா நீங்க பாக்கிறது ஊர்ட வித்தியாசம் இல்ல, தூள்ட வித்தியாசம். வாள் பிடிச்ச சிங்கம் போட்ட பக்கெட்டப் பாத்து எடுங்க, அது இலங்கைத் தேயிலை மட்டும் போட்டு இங்கயே பக் பண்ணினது.

அடுத்தது தண்ணி, இதுலதான் கனபேர் கோட்டை விடுறது. கடற்கரைப் பக்கத்துச் சவர்க் கிணத்துத் தண்ணியில எந்த நல்ல தேயிலையும் எடுபடாது, சுண்ணாம்பு கூடின தண்ணி எண்டா மேல ஆடை வேற படியும். பைப் தண்ணிய எடுத்து ஒருக்காக் கொதிச்ச உடனே ஊத்துங்க.

அளவு: 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தேயிலை, மூடி வச்சு 6 நிமிசம். ஐஎஸ்ஓ 3103 எண்ட சர்வதேச முறையும் இதான். குடிக்கிறதுக்கு 6 நிமிசம் கூடத்தான், ஆனா தேயிலைட நல்லது கெட்டது எல்லாம் வெளிய வரட்டுமே. சீனி, பால் ஒண்டும் வேணாம். மூண்டையும் வெள்ளைக் கப்புல வடிச்சு வரிசையா வைங்க.

மறுகா அவசரப்படாம கலரப் பாருங்க, வடிச்ச சக்கையச் சூட்டோட மணந்து பாருங்க. ஒள்ளுப்பம் ஆறினதும் ஒரு கரண்டி எடுத்து காத்தோட சேத்து சர்ர்ர் எண்டு உறிஞ்சுங்க, வீட்டுல ஏசினாலும் பரவாயில்ல, அப்பதான் வாய் முழுக்கச் சிதறி மணம் தொண்டைக்குப் பின்னால மூக்குக்கு ஏறும். மறுகா துப்பிடுங்க. கொச்சிக்காய்ச் சம்பல் திண்ட கையோட மட்டும் இந்த வேலைக்கு இருக்காதீங்க.

நுவரெலியா கலர் மெல்லிசு, பூ மணம், வாயில பாரமே இல்ல. ருகுணு 600 மீட்டருக்குக் கீழ விளையிறது, கறுத்த சாயம், தடிப்பு, பால் ஊத்தினாலும் அமுங்காது. ஊவாவுல, அதுவும் நல்ல சீசன் தேயிலையில, தொண்டையில ஒரு குளிர்ச்சி பிடிபடும், நோவுக்குப் பூசுற தைலத்துல வாற அதே மணம், மெதில் சலிசிலேட் எண்ட மணப்பொருள் ரெண்டுலயும் இருக்கு.

ஊவாவுக்கு அந்த ருசி வாறதுக்கு முக்கிய காரணம் காத்து. தென்மேல் பருவக்காத்து மழைய மலைட மேற்குப் பக்கத்துல கொட்டிட்டு காஞ்சு போய் கிழக்குப் பக்கம் இறங்கும், ஊவாவுல இருக்கிற பதுளை, பண்டாரவளைத் தோட்டங்களில கொழுந்து அந்தக் காஞ்ச காத்தைத் தாங்க எடுக்கிற பாட்டுலதான் மணம் ஏறுது, ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் அதுதான் சீசன். அதே காத்துதான் பிபிலை, மகாஓயா தாண்டிக் கீழ வந்து நம்மட மட்டக்களப்புப் பக்கத்துல கச்சான் எண்ட வறண்ட காத்தா அடிச்சு உதட்டை வெடிக்க வைக்குது! செங்கலடி - பதுளை ரோட்டால ஏறினா ரெண்டு முனையிலயும் ஒரே காத்து. இங்க மாரி மழை முடியிற ஜனவரி தொடக்கம் மார்ச் மட்டும் மேற்குப் பக்கம் காஞ்சு குளிரும், அப்ப நுவரெலியாவும் அதுக்குப் பக்கத்துத் தேயிலைப் பகுதி டிம்புளையும் நல்லா இருக்கிற நேரம். அதால முடிஞ்சா பக்கெட்டுல பக் பண்ணின மாசத்தையும் பாத்து வாங்குங்க.

கடைசியா ஒரு சோதினை. கப்புகளுக்கு அடியில பேர் எழுதி ஒட்டிட்டு, வேற ஆரையும் கொண்டு இடம் மாத்தி வைக்கச் சொல்லுங்க, ருசிய வச்சே எது எது எண்டு சொல்லிப் பாருங்க. ருகுணுவ லேசா பிடிச்சிருவீங்க. மத்த ரெண்டும் தடுமாறினா ஒருக்கா 3 நிமிசத்துல வடிச்சுப் பாருங்க, கசப்பு குறைய மணம் தெளிவா வரும்.