உண்ணிக்கடி ஒவ்வாமையைச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு எட்டு மணிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஒருவர், நள்ளிரவு ஒரு மணிக்கு உடம்பெல்லாம் தடித்து, வயிறு பிசைந்து, மூச்சு முட்டி எழுந்திருக்கிறார். அவசர சிகிச்சைப் பிரிவில் எபிநெஃப்ரின் ஊசி போட்டுக் காப்பாற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில் ‘காரணம் தெரியாத ஒவ்வாமை’ என்று எழுதுகிறார்கள். சில வாரங்களுக்கு முன் காட்டுப்பாதையில் நடந்தபோது காலில் உண்ணி கடித்ததை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அமெரிக்காவில் ஆல்ஃபா-கால் ஒவ்வாமை அரசின் கணக்குக்கே வராமல் நழுவிப்போவது இப்படித்தான்.

ஆல்ஃபா-கால் என்பது ஒரு சர்க்கரை மூலக்கூறு. மாடு, ஆடு, பன்றி, மான், முயல் எனப் பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் அது உண்டு. மனிதர்களிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இல்லை. சில வகை உண்ணிகள், அமெரிக்காவில் முக்கியமாக லோன் ஸ்டார் உண்ணி, கடித்தபின் சிலருடைய உடல் இந்தச் சர்க்கரைக்கு எதிராக ஐஜிஇ எனப்படும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு பாலூட்டியின் இறைச்சியை உண்டால், சிலருக்குப் பாலோ, விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ உட்கொண்டால்கூட, ஒவ்வாமை தோன்றுகிறது. செடுக்சிமாப் என்னும் புற்றுநோய் மருந்தைச் செலுத்தியபோது தென்கிழக்கு மாநிலங்களின் நோயாளிகளிடம் மட்டும் கடும் ஒவ்வாமை அதிகமாக ஏற்பட்டது ஏன் என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர் தேடியபோதுதான் இந்தத் தொடர்பு வெளிப்படத் தொடங்கியது. அந்த மருந்து பற்றிய கட்டுரை 2008-இல் வெளிவந்தது. நோய்க்கு இன்னும் வயது இருபதுகூட ஆகவில்லை. அதை அறிவிக்கும் விதிகள் அதைவிட இளையவை. அதனால்தான் மருத்துவர், ஆய்வகம், நோயாளி என எல்லாப் பக்கங்களிலும் தவறுகள் நேர்கின்றன.

நாடு முழுவதற்கும் ஒரே விதி என்று நினைப்பது

அமெரிக்காவில் ஒரு நோயைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்று மருத்துவருக்கு ஆணையிடுவது மாநிலச் சட்டம். மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி அல்ல. மாநிலங்கள் தாம் திரட்டிய விவரங்களைத் தாமாக முன்வந்து சிடிசியிடம் பகிர்கின்றன. அவ்வாறு பகிர வேண்டிய நோய்களுக்குத் தேசியப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உண்ணியால் வரும் லைம் நோய் அந்தப் பட்டியலில் 1991 முதல் உள்ளது. ஆல்ஃபா-கால் ஒவ்வாமை அந்தத் தேசியப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே பக்கத்து மாநிலத்தில் கட்டாயமாக இருப்பது இங்கே கட்டாயமாக இல்லாமலிருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. மாநில நோய்ப்பரவலியலாளர்களின் மன்றம் 2021-இல் இந்த நோய்க்கு ஒரு பொதுவான வரையறையை ஏற்றுக்கொண்டது. அது 2022 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. வரையறை வந்துவிட்டதால் அறிவிப்பதும் கட்டாயமாகிவிட்டது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். வரையறை என்பது எதை ஒரு நோயாளியாக எண்ணுவது என்று சொல்லும் அளவுகோல் மட்டுமே. எண்ணியே ஆக வேண்டும் என்று சொல்வது மாநிலத்தின் சட்டமோ சுகாதார வாரியத்தின் விதியோதான். வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் இந்த நோயைத் தம் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஒரு மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றியதாகச் செய்தி வந்த நாளிலேயே கடமை தொடங்கிவிட்டதாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, ஏனெனில் சட்டம் ஆணையிட்டபின் சுகாதார வாரியம் விதிகளைத் திருத்திப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையின் சுவரில் பல ஆண்டுகளாக ஒட்டியிருக்கும் பட்டியலை நம்பாமல், மாநிலச் சுகாதாரத் துறையின் நடப்பு ஆண்டுப் பட்டியலைப் பார்ப்பதே சரி. எத்தனை நாளுக்குள், யாரிடம், எந்தப் படிவத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கும்.

‘ஆய்வகம் அனுப்பிவிடும்’ என்று விட்டுவிடுவது

என் பார்வையில் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நிகழ்கிறது. பட்டியலில் நோய் இருக்கும் மாநிலங்களில் ஆய்வகங்களும் மருத்துவர்களும் தனித்தனியே பொறுப்புடையவர்களாக இருப்பது வழக்கம். ஆய்வகத்தின் கணினி, ஆல்ஃபா-கால் ஐஜிஇ ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 அலகோ அதற்கு மேலோ இருந்தால் அந்த முடிவைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிடக்கூடும். ஆனால் அந்த முடிவில் ஓர் எண் மட்டுமே இருக்கிறது. அந்த மனிதர் என்ன சாப்பிட்டார், எத்தனை மணி நேரம் கழித்து என்ன நேர்ந்தது என்பது ஆய்வகத்துக்குத் தெரியாது. மருத்துவ விவரம் எதுவும் கிடைக்காமல் எண் மட்டும் வந்தால், வரையறையின்படி அது ‘சந்தேகத்துக்குரிய’ நிலையிலேயே நின்றுவிடும். அதை ‘உறுதிசெய்யப்பட்ட’ நிலைக்கு நகர்த்தக்கூடியது மருத்துவர் எழுதும் சில வரிகள்தாம். ஆய்வகம் அனுப்பிவிடும் என்று மருத்துவரும், மருத்துவர் எழுதுவார் என்று ஆய்வகமும் இருந்தால், சுகாதாரத் துறையின் செவிலியர் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் தொலைபேசியில் ஓட வேண்டியிருக்கும். ஆள் பற்றாத மாவட்டத்தில் அந்த ஓட்டம் நடைபெறுவதே அரிது.

சரியான பரிசோதனையைக் கேட்காமல் போவதும் இதன் இன்னொரு முகம். பொதுவான உணவு ஒவ்வாமைப் பரிசோதனைத் தொகுப்பில் ஆல்ஃபா-கால் இருக்கும் என்று கருதிவிடக் கூடாது. அதன் பெயரைக் குறிப்பிட்டே கேட்க வேண்டும். சிடிசி 2022-இல் 1,500 மருத்துவப் பணியாளர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில் 42 விழுக்காட்டினர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. மேலும் 35 விழுக்காட்டினருக்கு இதைக் கண்டறிவதிலோ கையாள்வதிலோ போதிய நம்பிக்கை இல்லை. கேள்விப்படாத நோயை யாரும் அறிவிக்க முடியாது. விதியை மட்டும் இயற்றிவிட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி தராத மாநிலம், வெற்றுப் படிவங்களை அச்சிட்டதோடு நின்றுவிட்டது என்றே சொல்வேன்.

நேரத்தைக் குறிக்காமல் விடுவது

நிலக்கடலை ஒவ்வாமை உண்டவுடன் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆல்ஃபா-கால் அப்படியல்ல. பொதுவாக உண்டபின் இரண்டு முதல் ஆறு மணி நேரம் கழித்துத்தான் அறிகுறிகள் தோன்றுகின்றன. கண்காணிப்புக்கான வரையறை பத்து மணி நேரம்வரை இடம் தருகிறது. ஊசிவழி செலுத்தப்படும் மருந்தாகவோ தடுப்பூசியாகவோ இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள். ஆகவே ‘இறைச்சி உண்டபின் ஒவ்வாமை’ என்று மட்டும் எழுதிய குறிப்பு அறிக்கைக்குப் பயன்படாது. உண்ட பொருள் எது, உண்ட நேரம் எது, முதல் அறிகுறி தோன்றிய நேரம் எது என்ற மூன்றும் இருந்தால்தான் அந்த நிகழ்வு வரையறைக்குள் பொருந்துகிறதா என்று முடிவு செய்ய முடியும்.

தோலில் தடிப்பு இல்லையென்பதால் விட்டுவிடுவதும் தவறே. வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை மட்டுமே கொண்ட நோயாளிகள் உண்டு. அவர்கள் குடல்நோய் மருத்துவரிடம் போய், ஒவ்வாமை என்ற சொல்லையே கேட்காமல் ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். 2024 கோடையில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒருவர் ஹாம்பர்கர் உண்ட சுமார் நான்கு மணி நேரத்தில் இறந்தார்; அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் மாட்டிறைச்சி உண்ட இரவிலும் அவருக்குக் கடும் வயிற்றுவலி வந்திருந்தது. அந்த மரணத்துக்கு ஆல்ஃபா-கால் காரணம் என்பது பின்னர் இரத்த மாதிரியைச் சோதித்தபோதுதான் தெரிந்தது. 2025-இல் அதுபற்றிய மருத்துவக் கட்டுரை வெளிவந்தது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நோயாளி சைவர் என்று தெரிந்ததும் மருத்துவர் இந்த நோயை மனத்திலிருந்து ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. பாலூட்டியிலிருந்து கிடைக்கும் எந்தப் பொருளும் வரையறைக்குள் அடங்கும். இறைச்சியே தொடாதவருக்கும் பால், பாலாடைக்கட்டி, மருந்து மாத்திரைகளின் ஜெலட்டின் உறை ஆகியவை இருக்கின்றன. ‘நான் சைவம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், அன்று உட்கொண்ட பால் பொருள்களையும் மாத்திரைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உண்ணி கடித்த சான்று இல்லாமல் அறிவிக்கத் தயங்குவது

நோயின் பெயரோடு உண்ணி ஒட்டியிருப்பதால், கடித்தது நினைவில் இல்லையென்றால் அறிவிக்கக் கூடாது என்று சிலர் எண்ணுகிறார்கள். உறுதிசெய்யத் தேவையானவை அறிகுறிகளும் இரத்தப் பரிசோதனையும்தாம். கடித்த தழும்பு அல்ல. லோன் ஸ்டார் உண்ணியின் இளங்குஞ்சுகள் கடுகைவிடச் சிறியவை. அவை கூட்டமாகக் கடித்துச் சென்றாலும் ஏதோ பூச்சிக்கடி என்றே தோன்றும். ‘எங்கள் மாநிலத்தில் அந்த உண்ணியே கிடையாது’ என்ற வாதமும் நிற்காது. மேய்ன், வாஷிங்டன் மாநிலங்களில் வேறு வகை உண்ணிகள் கடித்தபின் இந்த ஒவ்வாமை தோன்றியதைச் சிடிசியின் மருத்துவ இதழ் 2025-இல் பதிவு செய்துள்ளது. லோன் ஸ்டார் அதிகமில்லாத இடங்களிலிருந்து வரும் அறிக்கைகளே உண்மையில் மிகுந்த மதிப்புடையவை, ஏனெனில் நோயின் எல்லை எங்கே விரிகிறது என்பதை அவைதாம் முதலில் காட்டுகின்றன.

இதற்கு நேர்எதிரான தவறும் உண்டு. பரிசோதனை முடிவு நேர்மறை என்பதாலேயே ஒருவரை நோயாளி என்று எழுதிவிடுவது சரியல்ல. உண்ணி மிகுந்த பகுதிகளில் இந்த ஐஜிஇ இரத்தத்தில் இருந்தும் இறைச்சியை எந்தத் தொல்லையுமின்றி உண்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிகுறி இல்லை என்பதையே அறிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். அந்த இடத்தை வெற்றாக விடுவதும் ‘இல்லை’ என்று எழுதுவதும் ஒன்றல்ல.

தனியுரிமை, முகவரி, வேறு அலுவலகங்கள்

நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் பெயரைக் கொடுத்தால் ஹிப்பா என்னும் தனியுரிமை விதி மீறப்படும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. சட்டப்படி நோய்த் தகவல் திரட்டும் அதிகாரம் பெற்ற பொதுச் சுகாதாரத் துறைக்குத் தனி ஒப்புதல் இன்றியே தகவல் தர அந்த விதியே இடமளிக்கிறது.

கடித்த இடம் ஒரு மாநிலம், சிகிச்சை பெற்ற இடம் மற்றொன்று, வீடு மூன்றாவது என்று இருக்கும்போது, கணக்கு பொதுவாக நோயாளி வசிக்கும் மாநிலத்தில் சேரும். முகவரியும் அஞ்சல் குறியீடும் தவறினால் அறிக்கை எந்த மாவட்டத்துக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். பயணம் செய்த இடத்தைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் நோய்க் குறியீடு சுகாதாரத் துறைக்கு அனுப்பும் அறிவிப்பாகாது. ஒவ்வாமை மருந்தாலோ தடுப்பூசியாலோ ஏற்பட்டிருந்தால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் மத்திய அமைப்புகளுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும். அதைச் செய்ததால் மாநில அறிவிப்பு நிறைவேறிவிடாது.

வரும் எண்களைத் தவறாகப் படிப்பது

2010 முதல் 2022 வரை அமெரிக்காவில் 1,10,000-க்கும் மேற்பட்ட சந்தேகத்துக்குரிய நோயாளிகள் கண்டறியப்பட்டதாகவும், உண்மையில் 4,50,000 பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் சிடிசி 2023-இல் தெரிவித்தது. பலர் இதை மாநிலங்கள் அறிவித்த எண்ணிக்கை என்று நினைக்கிறார்கள். அது ஆய்வகப் பரிசோதனை முடிவுகளிலிருந்து பெறப்பட்டது. தேசிய அளவில் அறிவிப்பு முறை இல்லாததால்தான் அந்த வழியை நாட வேண்டியிருந்தது. பரிசோதனை செய்துகொள்ளாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அறிகுறி உண்டா என்பதும் அந்த முடிவுகளில் இல்லை.

ஒரு மாநிலம் நோயைப் பட்டியலில் சேர்த்த மறு ஆண்டு எண்ணிக்கை பாய்ந்து ஏறினால், உண்ணிகள் திடீரெனப் பெருகிவிட்டன என்று செய்தி எழுதுவது தவறு. லைம் நோயில் இது கண்கூடாக நிகழ்ந்தது. 2022-இல் அந்நோய் மிகுந்த மாநிலங்களில் ஆய்வக முடிவை மட்டும் வைத்தே எண்ணலாம் என்று வரையறை மாறியதும், அந்த ஆண்டு 62,551 நோயாளிகள் பதிவாயினர். 2017 முதல் 2019 வரையிலான ஆண்டுச் சராசரியைவிட இது ஏறக்குறைய 1.7 மடங்கு. மாறியது முக்கியமாக எண்ணும் முறைதான். அதேபோல, பட்டியலில் நோயைச் சேர்க்காத மாநிலத்தின் வரைபடம் வெள்ளையாக இருப்பதற்கும் அங்கே நோய் இல்லை என்பதற்கும் தொடர்பே கிடையாது.

நோயாளிக்கு இதில் சட்டக் கடமை இருப்பது வழக்கமல்ல. ஆனால் அறிக்கையின் தரம் பெரிதும் அவர் கையில்தான் இருக்கிறது. அறிகுறி வந்த ஒவ்வொரு முறையும் உணவு, நேரம், முந்தைய வாரங்களில் சென்ற காடு, தோட்டம், புல்வெளி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துவைத்து மருத்துவரிடம் கொடுக்கலாம். ‘இந்த மாநிலத்தில் இதை அறிவிக்க வேண்டுமா, அறிவித்துவிட்டீர்களா?’ என்று நேரடியாகக் கேட்கலாம். சில வாரங்கள் கழித்து மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், அறிமுகமில்லாத எண் என்று துண்டிக்காமல், அலுவலகத்தின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துத் திரும்ப அழைக்கலாம். மறுமுனையில் பேசும் செவிலியர் அப்போது கேட்கப்போவது, அன்றிரவு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு விழித்தீர்கள் என்பதைத்தான்.