கப்பல் சுற்றுலா: டிக்கெட் எடுக்கும் முன்பும் ஏறிய பிறகும்

கப்பல் சுற்றுலா தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை நீச்சல் குளம், எத்தனை உணவகம் என்றுதான். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது பயண அட்டவணையில் இருக்கும் நேரங்களை. எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை நாள் கரையே தொடாமல் ஓடுகிறது என்பதைப் பார்த்தாலே பயணம் ஓய்வாக இருக்குமா, ஓட்டமாக இருக்குமா என்று தெரிந்துவிடும். ஏழு நாளில் ஆறு ஊர் என்ற திட்டம் விளம்பரத்தில் நன்றாக இருக்கும். நான்காம் நாளே கால் வலிக்கும். இரண்டு நாளாவது முழுக்கக் கடலில் போகும் திட்டம்தான் முதல் முறை போகிறவர்களுக்குச் சரி.

ஊர்ப் பெயரை அப்படியே நம்ப வேண்டாம்

அட்டவணையில் ‘ரோம்’ என்று போட்டிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, ‘பாரிஸ்’ என்றால் லே ஆவ்ர், ‘பாங்காக்’ என்றால் பெரும்பாலும் லேம் சாபாங். ‘பெர்லின்’ என்று போட்டுவிட்டு பால்டிக் கரையில் உள்ள வார்னமுண்டேயில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து பெர்லின் போய்ச் சேர ரயிலில் மூன்று மணி நேரம் வரை ஆகும். வெனிஸிலும் 2021 ஆகஸ்ட் முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஊரின் முகப்பில் உள்ள கால்வாய்க்குள் நுழையக் கூடாது. அதனால் சில கப்பல்கள் மார்கெராவிலும், சில ரவென்னா, ட்ரியெஸ்டே என்று வேறு ஊர்களிலும் நிற்கின்றன. ஆக, துறைமுகத்தின் உண்மைப் பெயரைத் தேடிப் பிடித்து, அதை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

ரோமையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை 7 மணிக்குக் கப்பல் கரை சேர்கிறது, மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்று வையுங்கள். பன்னிரண்டு மணி நேரம் கிடைப்பதுபோல் இருக்கும். அதிகாரிகள் அனுமதி கொடுத்து ஆட்களை இறக்கத் தொடங்கவே 7.30 தாண்டும். துறைமுகத்துக்குள் ஓடும் பஸ், பிறகு ரயில் நிலையம், ரயிலுக்குக் காத்திருப்பது, ரயில் பயணம் என்று எல்லாம் சேர்த்தால் ரோமில் இறங்கும்போது 10 ஆகிவிடும். திரும்பும்போது 6 அல்லது 6.30க்குள் எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் புறப்படும் நேரம் வேறு, ஏற வேண்டிய கடைசி நேரம் வேறு. ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் வந்துவிடலாம் என்ற அளவுக்கு இடைவெளி விட்டால், மூன்றரை மணிக்கெல்லாம் ரோமை விட்டுக் கிளம்ப வேண்டும். கையில் மிஞ்சுவது ஐந்தரை மணி நேரம். அதில் இரண்டு இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். ஐந்து இடத்துக்குப் பட்டியல் போட்டால் பார்த்ததைவிடக் காத்திருந்ததுதான் அதிகமாக இருக்கும்.

சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இதை டெண்டர் என்பார்கள், சான்டோரினியில் அப்படித்தான். முதல் படகுகளில் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்குப் பதிவு செய்தவர்களுக்கே முன்னுரிமை. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடப் போகலாம். அலை பெரிதாக இருந்தால் அந்த ஊரையே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஊரை விடுவதும் மாற்றுவதும் கேப்டனின் உரிமை, பெரும்பாலும் துறைமுகக் கட்டணம் மட்டும்தான் திரும்ப வரும். எனவே டெண்டர் ஊரில் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் முன்கூட்டியே வாங்க வேண்டாம்.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா என்று பலர் குழம்புவார்கள். துறைமுகத்திலிருந்து பார்க்கப் போகும் இடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கூடுதல் காசு கொடுத்தாவது அவர்களோடு போவது நல்லது, ஏனென்றால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும், அடுத்த துறைமுகம் வரை சொந்தச் செலவு. ஊர் நடந்தே பார்க்கும் தூரத்தில் இருந்தால் அவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

இன்னொன்று, கப்பல் நேரமும் கரை நேரமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. செல்போன் கரைக்கு வந்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும், கப்பல் மாறியிருக்காது. இறங்கும் முன் வாசலில் எழுதி வைத்திருக்கும் கடைசி நேரத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டி, அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள்.

கேபின்: எண்ணைவிட இடம் முக்கியம்

ஜன்னல் இல்லாதது, ஜன்னல் உள்ளது, பால்கனி உள்ளது, சூட் என்று வகை பிரிப்பார்கள். நார்வேயின் ஃபியோர்டுகள் (செங்குத்தான மலைகளுக்கு நடுவே நுழையும் கடல்), அலாஸ்கா மாதிரி கரையைப் பார்த்துக்கொண்டே போகும் பயணத்துக்குப் பால்கனிக்குக் கொடுக்கும் காசு தகும். தினமும் ஒரு ஊரில் இறங்குகிற பயணத்துக்கு உள் கேபினே போதும், தூங்க மட்டும்தானே வருகிறோம். ஆனால் அங்கே விளக்கை அணைத்தால் கும்மிருட்டு, விடிந்ததே தெரியாது. பல கப்பல்களில் முன்பக்கக் கேமரா காட்டும் டிவி சேனல் ஒன்று உண்டு. அதைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டால் ஜன்னல் வேலை செய்யும்.

வகையை முடிவு செய்ததும் டெக் வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே தியேட்டரோ இரவு விடுதியோ இருந்தால் நள்ளிரவு வரை தாளம். வரைபடத்தில் ஒன்றுமே எழுதாமல் வெள்ளையாக விட்ட இடம் பெரும்பாலும் ஊழியர்கள் புழங்கும் பகுதி, தள்ளுவண்டி சத்தம் வரும். மேலேயும் கேபின், கீழேயும் கேபின் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முன்பக்கக் கோடியில் இருப்பவர்களை நங்கூரச் சங்கிலி எழுப்பிவிடும். ஜன்னல் கேபின் மலிவாக இருந்தால் காரணம் இருக்கும், எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக்கொண்டிருக்கலாம். ‘கேரண்டி’ என்று விற்கும் கேபினில் வகை மட்டும்தான் உறுதி. இடம் அவர்கள் கொடுப்பதுதான். குமட்டல் வருகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

ஏனென்றால் ஆட்டம் எங்கே குறைவோ அங்கே அறை எடுப்பதுதான் குமட்டலுக்கு முதல் மருந்து. கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளம். பெரிய கப்பல்களில் நீருக்கடியில் இருபுறமும் துடுப்புபோல நீளும் ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதை அவை தடுக்காது. அது முன், பின் கோடிகளில்தான் அதிகம். மெக்லிசின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வருவதற்கு முன்பே, ஒரு மணி நேரம் இருக்கும்போதே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. தூக்கம் வரும், மதுவோடு சேரக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையை நான்கு மணி நேரம் முன்னதாக ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். ஒட்டிய கையைக் கழுவாமல் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. மற்றபடி வெளித் தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்ப்பது, வயிற்றைக் காலியாக வைக்காமல் உலர் பிஸ்கட் கொறிப்பது எல்லாம் உதவும். போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது உதவாது.

பில் எங்கே ஏறுகிறது

பொதுவாக டிக்கெட் விலையில் அறை, முக்கிய உணவகம், பஃபே, மேடை நிகழ்ச்சிகள், குளம் எல்லாம் அடங்கும். மது, குளிர்பானம், சிறப்பு உணவகங்கள், வைஃபை, ஸ்பா, கப்பல்காரர்கள் எடுக்கும் போட்டோ, கரைச் சுற்றுலா எல்லாம் தனி. பல நிறுவனங்கள் டிப்ஸை ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே கணக்கில் ஏற்றுகின்றன, குழந்தைகளுக்கும் சேர்த்து. விலை இரண்டு பேர் தங்குவதாகக் கணக்கிட்டது. தனியாகப் போகிறவர் சில சமயம் இரண்டு பேர் கட்டணமே கொடுக்க நேரிடும். இத்தனையையும் கூட்டிப் பார்த்த பிறகு ஒரு கப்பலை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

மது பேக்கேஜ் வாங்கலாமா? ஒரு நாள் விலையை ஒரு கோப்பையின் விலையால் வகுத்துப் பாருங்கள். கரையில் கழியும் நாட்களிலும் அத்தனை கோப்பை குடிப்பீர்களா என்று யோசியுங்கள். ஒரு அறையில் ஒருவர் வாங்கினால் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. கணக்கைத் தீர்க்க டெபிட் கார்டு கொடுக்காதீர்கள். தினமும் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள், அது பயணம் முடிந்து சில நாள் கழித்தே விடுபடும். கப்பல் கிளம்பியதும் போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கிடைக்கும் சிக்னல் செயற்கைக்கோள் வழியாக வருவது, ரோமிங் பில் எகிறிவிடும்.

காகிதங்கள்

பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக இருக்கட்டும். நடுவில் வேறு நாட்டுக்குப் போய் ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லைக்குள் திரும்ப வரும் பயணம் என்றால் ஒருமுறை நுழைவு விசா போதாது. கப்பலில் ஏறும் இடத்திலேயே எல்லா நாட்டு விசாவையும் பார்ப்பார்கள். ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்ற மாட்டார்கள், பணமும் வராது. கர்ப்பிணிகள் பயணம் முடிவதற்குள் 24 வாரம் நிறைந்துவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் மறுத்துவிடும். குழந்தைக்குப் பொதுவாக ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், பெருங்கடல் கடக்கும் பயணத்துக்கு ஒரு வயது. இன்சூரன்ஸில் கப்பலிலிருந்து நோயாளியை வெளியேற்றும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். பெரிய செலவு அதுதான்.

கரீபியன் பக்கம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம். விலை குறையும், பாதை மாறக்கூடும்.

ஏறும் நாள்

கப்பல் கிளம்பும் அன்றே விமானத்தில் வந்து சேரும் திட்டம் வேண்டாம். ஒரு நாள் முன்பே அந்த ஊருக்கு வந்துவிடுங்கள். பெரிய சூட்கேஸைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு அது மாலையில்தான் வரும். எனவே மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், நீச்சலுடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும் பறிமுதல் ஆகும். சர்ஜ் ப்ரொடெக்டர் (மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுக்கும் கருவி) உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. வீட்டில் இரண்டு கம்பிகளில் ஒன்றில்தான் மின்னழுத்தம் இருக்கும், கப்பலில் பெரும்பாலும் இரண்டிலுமே இருக்கும். ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் கருவி அங்கே காப்பாற்றாது, சூடேறித் தீப்பிடிக்கலாம். சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு எடுத்துப் போனால் தொப்பி, ஈரத் துணி மாட்ட வசதி.

பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக் கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று கோஸ்டா கொன்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றுதான் ஏறியிருந்த பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 2015 முதல் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி கட்டாயம். ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி: கேட்டால் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். அறையிலிருந்து அங்கே லிஃப்ட் இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது.

இறங்கும் நாள்

கடைசி இரவு சூட்கேஸை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடையையும் செருப்பையும் எடுத்து வைத்துவிட்டு மூடுங்கள், இதை மறக்கிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. பில்லை அன்று மாலையே சரிபாருங்கள், காலையில் கவுன்டரில் நீண்ட வரிசை நிற்கும். பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு இறங்க முடிந்தால் முதலில் வெளியே வந்துவிடலாம். அப்படியும் அன்று மதியத்துக்கு முன் விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம். மூடுபனியில் கப்பல் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கரை சேர்ந்தால்கூட விமானம் போய்விடும்.