பரணில் கிடக்கும் சேலைப் போர்வையை வீடற்றவர்களுக்குக் கொடுப்பது எப்படி?

திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில், ஆச்சிமார் பழைய நூல் சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த போர்வைகள் பரணில் சும்மா கிடக்கின்றன. ஜங்ஷன் பக்கமும் ரத வீதிகளிலும் கடை வாசல்களில் படுப்பவர்களுக்கு மழைக்காலத்தில் அவை எவ்வளவோ உதவும். ஐப்பசி பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அடைமழையில் இவை காயவே காயாது.

முதலில் தரம் பிரியுங்கள். இற்றுப்போனதும் பூஞ்சணம் பிடித்ததும் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளைக்குப் போர்த்தத் தயங்குவதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மீதியைக் கனம் பார்த்துப் பிரிக்க வேண்டும். தெருவில் படுப்பவர், விடிந்து கடை திறப்பதற்குள் எல்லாவற்றையும் சுருட்டித் தூக்கிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். நனைந்தால் காயப்போட அவருக்குக் கொடி ஏது, மொட்டை மாடி ஏது? ஆகவே இரண்டு மூன்று அடுக்குள்ள மெல்லிய போர்வைதான் அவருக்கு ஏற்றது. கனத்தவை வீடற்றோர் தங்கும் விடுதிகளுக்கு.

அடுத்தது துவைப்பது. சிவப்பும் கருநீலமும் சாயம் விடும், தனியாக ஊறவையுங்கள். மூட்டைப்பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நல்ல கொதிநீரில் ஊறவைப்பதே வழி. வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயப்போடுங்கள். மேலே தொட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம்: நடுப்பகுதியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்துங்கள். சில்லென்று இருந்தால் உள் அடுக்கில் ஈரம் நிற்கிறது. மடித்து வைத்தால் நாறிவிடும். அந்துருண்டை வாடையும் முழுக்கப் போக வேண்டும். தையல் விட்ட இடங்களில் ஓட்டுத்தையல் போடுங்கள், போதும்.

ஒவ்வொன்றையும் சுருட்டி, கழுவிய பிளாஸ்டிக் அரிசிச் சாக்கில் போட்டு, தோளில் மாட்டக் கயிறு கட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஜங்ஷன் பகுதியே வெள்ளத்தில் நின்றது நினைவிருக்கும். இந்தச் சாக்கு அவ்வளவு மழையைத் தாங்காது என்றாலும் தூறலுக்கும் தரை ஈரத்துக்கும் தாங்கும்.

கனத்த போர்வைகளுக்கு, நகர்ப்புற வீடற்றோர் தங்கும் விடுதி எங்கே இருக்கிறது என்று மாநகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். எத்தனை தேவை என்று கேட்டுக்கொண்டு அதன்பின் கொண்டுபோங்கள்.

தெருவில் கொடுப்பதற்குக் கடை அடைக்கும் நேரம் தோதானது. தூங்குபவரை எழுப்பாதீர்கள். தலைமாட்டில் வைத்துவிட்டு வருவதும் சரியில்லை, விடிவதற்குள் காணாமல் போகலாம். விழித்திருப்பவர் அருகில் உட்கார்ந்து, “அண்ணாச்சி, வீட்டில் தைத்த போர்வை ஒன்று இருக்கிறது, உங்களுக்கு வேண்டுமா?” என்று கேளுங்கள். நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. படம் எடுக்கவே கூடாது. கவனிப்பாரற்ற முதியவரைக் கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை 8 மணிக்கு மேல் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.