வயர்லெஸ் நம்பர் பேட்: பழுது என்று முடிவு கட்டும் முன்

சின்ன லேப்டாப்பில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு போடுகிறவர்களுக்கு, எண் விசைகள் கொண்ட தனி வயர்லெஸ் நம்பர் பேட் பெரிய உதவி. வாங்கி வந்ததும் பலர் செய்வது, ப்ளூடூத் பட்டியலைத் திறந்து அதைத் தேடுவதுதான். யூஎஸ்பி போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்ற குட்டி ரிசீவர் வழியாக இணையும் பேட் அதில் வரவே வராது. உங்களுடையது எந்த வகை என்று அட்டையில் பாருங்கள். டாங்கிள் பெரும்பாலும் பேட்டரி மூடிக்குள் ஒளிந்திருக்கும். அது தொலைந்தால் வேறு பேடின் டாங்கிள் பொதுவாகச் சேராது.

ப்ளூடூத் வகையில், இணைக்கும்போது திரையில் ஓர் எண் தோன்றி அடிக்கச் சொன்னால், அதை நம்பர் பேடிலேயே அடித்து என்டர் தட்ட வேண்டும். லேப்டாப் கீபோர்டில் அடித்துவிட்டு இணையவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

சரி, இணைந்துவிட்டது, ஆனால் 8 அடித்தால் கர்சர் மேலே போகிறதா? பேடின் விசைகளை எண்களாக இயங்க வைக்கும் ‘நம் லாக்’ (Num Lock) அணைந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைகீழான தொல்லையும் உண்டு. சில லேப்டாப்களில், பேடில் நம் லாக்கைப் போட்டதும் லேப்டாப்பின் யூ, ஐ, ஓ எழுத்துகள் 4, 5, 6 ஆக மாறிவிடும். நம் லாக் தனியாக இயங்கும் பேடாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எனக்கு உண்மையிலேயே பயம் தரும் தவறு வேறு. சும்மா கிடக்கும் பேட், பேட்டரியை மிச்சப்படுத்தத் தூங்கிவிடும். சில பேடுகளில் நாம் தட்டும் முதல் விசை அதை எழுப்புவதோடு சரி, எண் ஏறாது. டீ குடித்துவிட்டு வந்து 1500 என்று அடிக்கிறீர்கள், 500 விழுகிறது. டேலியில் தொகையை ஒரு தடவை அடித்தால் பற்று, வரவு இரண்டு பக்கமும் அதே 500 ஏறிவிடும். கணக்கு நேராகவே நிற்கும்! வங்கிப் பதிவோடு ஒப்பிடும் நாளில்தான் குட்டு வெளிப்படும். எனவே பேடைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டு, நோட்பேடில் 12345 அடித்துச் சோதியுங்கள். 1 விழவில்லை என்றால், ஒவ்வோர் இடைவேளைக்குப் பிறகும் முதல் தொகையைத் திரையில் பார்த்துவிட்டே என்டர் தட்டுங்கள்.

இடையிடையே எண் விட்டுப்போனால் பேட்டரியைச் சந்தேகிக்கும் முன் டாங்கிளின் இடத்தைப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். டாங்கிள் பயன்படுத்துவதும் அதே அலைவரிசைதான். டாங்கிளை எதிர்ப்பக்க போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டித் தள்ளி வையுங்கள்.

அப்புறம், சார்ஜ் செய்யும் பேட்டரிகள் 1.2 வோல்ட் என்பதால், சில பேடுகளில் சார்ஜ் இருக்கும்போதே எச்சரிக்கை விளக்கு எரியும். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.